இறுக்காம பிடிக்கிற வைஸ்

புது வைஸ் (ரெண்டு இரும்புத் தாடைக்கு நடுவுல கட்டையோ இரும்போ வச்சு, திருகி இறுக்கிப் பிடிக்கிற பட்டறைச் சாமான்) நல்லதா இல்லையான்னு எப்படிப் பாக்குறதுன்னு யாரக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருது, "நல்லா இறுக்கிப் பாரு, அசையலன்னா நல்ல வைஸ்". கடைக்காரர் அதத்தான் சொல்றாரு, ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன எங்க பெரியப்பா அதத்தான் சொல்றாரு, வீடியோ போடுறவங்கள்ல பாதிப் பேர் ஹேண்டில்ல தொங்கித்தான் காட்டுறாங்க. எனக்கு இந்தப் பதில் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மர வேலைக்குன்னு வைஸ் வாங்குறவன் பாக்க வேண்டியது அது எவ்வளவு கம்மியா இறுக்கினா கட்டை நிக்குதுங்கிறத. லேசா ஒரு திருகு, அதுலயே பலகை ஆடாம நிக்கணும். அப்படி நிக்கலன்னா அது எத்தன டன் இறுக்கினாலும் எனக்குப் பிரயோஜனமில்லை. இத வாயால சொல்லிக்கிட்டே இருந்தேனே தவிர கையால நிரூபிக்க வழி இல்லாம இருந்துச்சு, இப்ப பெரம்பூர் வீட்டு மொட்டை மாடி ஷெட்ல ஒரு புது 9 இஞ்ச் வைஸ் மாட்டி முடிச்சதுக்கு அப்புறம்தான் முழுசா எழுதத் தோணுது.

பெரியப்பாவ நான் குறை சொல்லல. அவரு கை பழகினது ஃபிட்டர் வைஸ். அது பெஞ்சுக்கு மேல உக்காந்திருக்கும், தாடை சின்னது, எஃகுத் தகட்டுல குறுக்கும் நெடுக்கும் பல்லு வெட்டியிருக்கும், இரும்பக் கடிச்சுப் பிடிக்கணும், அரம் போட்டு ராவும்போது இம்மி நகரக் கூடாது. அங்க பலமா இறுக்குறதுதான் நியாயம். மர வேலை வைஸ் வேற ஜாதி. பெஞ்சு விளிம்புல, மேல் பலகைக்கு அடியில தொங்கும், தாடை அகலமா இருக்கும், அந்த இரும்பு முகத்து மேல நாம மரக்கட்டை மாட்டித்தான் வேலை செய்யணும். இதோட சைஸுக்கு, அதாவது தாடை அகலத்துக்கு, இன்னிக்கும் பல பேர் சொல்ற நம்பர் ஷெஃபீல்டு ரெக்கார்டு கம்பெனியோடது, 52ன்னா 7 இஞ்ச், 52½ன்னா 9 இஞ்ச், 53ன்னா 10½ இஞ்ச். நம்ம ஊர்ல கிடைக்கிற பச்சை, நீலம், சிவப்பு பெயின்ட் வைஸ்ல நிறைய அதே டிசைன ஒட்டி வார்த்ததுதான்.

மரம் இரும்பு மாதிரி கிடையாது. அமுக்கினா நசுங்கும், வளையும், விட்டா திரும்பி வரும். 10 எம்எம் டிராயர் பலகை ஒண்ண வைஸ்ல பலமா இறுக்கி மேல் விளிம்ப சீவிப் பாருங்க. வைஸ்ல இருக்குற வரைக்கும் ஸ்கேல் வச்சா நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். கழட்டின உடனே பலகை தன் பழைய வளைவுக்குப் போயிடும், இப்ப அதே ஸ்கேல வச்சா நடுவுல வெளிச்சம் தெரியும். சீவினவன் மேல தப்பே இல்ல, வளைஞ்சு கிடந்தத நேராச் சீவியிருக்கான், அவ்வளவுதான். இத அனுபவிச்ச யாருக்கும் "நல்லா இறுக்கு"ங்கிற அட்வைஸ் மேல சந்தேகம் வராம இருக்காது.

கடையில பைப்பு போட்டுக் காட்டின டெஸ்ட்

பாரிமுனைல இறங்கி லிங்கிச் செட்டித் தெருவுக்குள்ள நுழைஞ்சா டூல்ஸ் கடைக்குப் பஞ்சம் இல்ல. நான் போன கடையில வைஸ எடுத்து வெளிய திண்ணைல வச்சாங்க, 15 கிலோவுக்கு மேல இருக்கும், தூக்கிட்டு வந்த பையனுக்கு மூச்சு வாங்குச்சு. கடைக்காரர் ஒரு ரீப்பர் துண்ட, மெல்லிசான மரச்சட்டம், தாடைக்கு நடுவுல வச்சு இறுக்கினாரு. அப்புறம் ஒரு ஜிஐ பைப்ப ஹேண்டில்ல சொருகி உடம்போட பாரத்தப் போட்டு இன்னொரு அரை சுத்து திருப்பினாரு. ரீப்பர் சப்பையாப் போச்சு. "பாத்தீங்களா சார், இதுக்கு மேல என்ன வேணும்?"னாரு. எனக்கு உள்ளுக்குள்ள பதறிச்சு. இந்த தாடை கிரே காஸ்ட் அயர்ன், சாதாரண வார்ப்பிரும்பு. அமுக்கினா பயங்கரமாத் தாங்கும், இழுத்தாலோ வளைச்சாலோ அதுல மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்குதான் தாங்கும், வளைஞ்சு எச்சரிக்கை எல்லாம் கொடுக்காது, ஒரே சத்தம், ரெண்டு துண்டு. பைப்பு போட்டு இறுக்குறப்ப தாடையோட கழுத்துல விழறது அந்த இழுப்புதான். அந்தப் பீஸ வேணாம்னு சொல்லிட்டு உள்ள பெட்டி பிரிக்காத இன்னொண்ணக் கேட்டு வாங்கினேன்.

பைப்பு எதுக்குத் தேவையே இல்லன்னு ஒரு சின்னக் கணக்குல சொல்லிடலாம். ஸ்க்ரூ நடுவுல இருந்து கை பிடிக்கிற இடம் வரைக்கும் 15 சென்டிமீட்டர்னு வைங்க, ஒரு சுத்துக்கு கை போற தூரம் 940 எம்எம் சொச்சம். அதே சுத்துல தாடை நகர்றது மரையோட பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்குற தூரம்) அளவுக்கு, 6 எம்எம்னு வச்சுக்கலாம். வகுத்தா 157 மடங்கு. 10 கிலோ பலத்தக் கையால கொடுத்தா கணக்குப்படி 1570 கிலோ அழுத்தம் வரணும். மரையில உராய்வு முக்கால்வாசியத் தின்னுடும் (அப்படித் தின்றதாலதான் கைய எடுத்தாலும் ஸ்க்ரூ தானா லூஸ் ஆகாம நிக்குது), அதையும் கழிச்சா 400 கிலோ கிட்ட நிக்குது. மரம் சீவுற இழைப்புளிய தள்ற நம்ம பலம் எவ்வளவு? 10 கிலோ, மிஞ்சிப் போனா 15. மரமும் மரமும் உரசுற இடத்துல 50 கிலோ அழுத்தம் இருந்தா ரெண்டு பக்கமும் சேத்து அந்தத் தள்ளுற பலத்தப் போல ரெண்டு மடங்கு தாங்கும். அதாவது கையோட லேசான திருகே தேவைக்கு மேல எட்டு மடங்கு. பின்ன ஏன் கட்டை வழுக்குது, ஏன் எல்லாரும் பைப்பு தேடுறாங்க? தாடை முழுசாப் பிடிக்காததுனால. கீழ் விளிம்புல மட்டும் தொட்டுக்கிட்டு மேல இடைவெளி விட்டா, 400 இல்ல 4000 கிலோ போட்டாலும் கட்டை அந்தக் கீழ்க் கோட்ட அச்சா வச்சு ஆடத்தான் செய்யும்.

மாட்டுறதுக்கு முன்னாடி

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதல்ல முழுசாக் கழட்டினேன். பெட்டியில இருந்து எடுத்து நேரா பெஞ்சுல மாட்டுறது பெரிய தப்புன்னு நினைக்கிறேன், ஏன்னா மாட்டின பிறகு கழுவவும் முடியாது அளக்கவும் முடியாது. முன் தாடை, அதோட ரெண்டு கைடு ராடு, நடுவுல ஸ்க்ரூ, பின் தாடை, அடியில அரை நட்டு, அத ஏத்தி இறக்க ஒரு லீவரும் ஸ்பிரிங்கும், இவ்வளவுதான் மொத்த வைஸ். லீவர அமுக்கினா அரை நட்டு மரைய விட்டு விலகும், தாடைய சும்மா இழுத்துத் தள்ளலாம், விட்டா திரும்பக் கவ்விக்கும். தின்னர்ல நனைச்ச துணியால கிரீஸத் துடைச்சா உள்ள இருந்து கருப்பு மணல் வந்துச்சு, வார்ப்பு மணல். மரைப் பள்ளத்துல ஸ்ப்ரே பெயின்ட் படிஞ்சு கிடந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்ததுக்கு அப்புறம் ஸ்க்ரூ ஓடுற சத்தமே மாறிப் போச்சு. கரகரன்னு இருந்தது மழமழன்னு ஆச்சு. திரும்பப் பூட்டும்போது மரைக்கு ஆயில் போடல. மெழுகுவர்த்திய மரை மேல தேய்ச்சு விட்டேன். ஆயில் போட்டா மரத்தூள் ஒட்டி ரெண்டு வாரத்துல களி மாதிரி ஆயிடும். மத்த இரும்பு பாகத்துக்கு மட்டும் மெஷின் ஆயில் மெல்லிசா, சென்னை உப்புக் காத்துக்கு அது இல்லாம முடியாது.

அப்புறம் அளவு. பின் தாடை முகமும் பெஞ்சோட சேர்ற அடித்தட்டும் 90 டிகிரில இருக்கான்னு மூலமட்டம் வச்சுப் பாத்தேன், இருந்துச்சு. கைடு ராடு ரெண்டும் நேரா இருக்கான்னு ஸ்டீல் ஸ்கேல் வச்சுப் பாத்தேன், இருந்துச்சு. தாடைய பாதி திறந்து வச்சு மேல, கீழ, இடது, வலதுன்னு ஆட்டிப் பாத்தேன், ராடுக்கும் ஓட்டைக்கும் நடுவுல கொஞ்சம் ஆட்டம் இருந்துச்சு, அது எல்லா வைஸ்லயும் இருக்கும், இல்லன்னா ஓடாது. அது வரைக்கும் சந்தோஷமாத்தான் இருந்தேன்.

பேப்பர் துண்டு

தாடைய மூடி, நாலு மூலைலயும் தினத்தந்திப் பேப்பர் கிழிச்ச துண்டு ஒவ்வொண்ணு வச்சு, ஹேண்டில ஒரு விரலால தள்ற அளவுக்கு மட்டும் திருகினேன். இப்ப ஒவ்வொரு துண்டா இழுத்துப் பாக்கணும். நாலும் கிழிஞ்சா தாடை முழுசாத் தொடுதுன்னு அர்த்தம். மேல் ரெண்டும் கிழிஞ்சு கீழ் ரெண்டும் வழுக்கிட்டு வந்தா இன்னும் நல்லது, ஏன்னா நல்ல வைஸ்ல முன் தாடைய வேணும்னே மேல் பக்கம் ஒரு பொட்டு உள்ள சாய்ச்சுத்தான் செய்வாங்க. காரணம் ரொம்ப எளிசு. கட்டை இருக்குறது மேல, இழுக்குற ஸ்க்ரூ இருக்குறது அதுக்குக் கீழ சில இஞ்ச் தள்ளி. இறுக்க இறுக்க தாடையோட தலை வெளிப்பக்கம் சாயப் பாக்கும், ராடுல இருக்குற அந்தச் சின்ன ஆட்டம் அதுக்கு இடம் கொடுக்கும். முன்னாடியே உள்ள சாய்ச்சு வச்சிருந்தா இறுக்கும்போது ரெண்டு தாடையும் சரியா எதிரெதிரா வந்து நிக்கும்.

என்னோடதுல நடந்தது நேர் தலைகீழ். மேல் ரெண்டு துண்டும் சும்மா உருவிக்கிட்டு வந்துச்சு, கீழ் ரெண்டும் கிழிஞ்சுது. ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில எப்பவோ வாங்கின ஃபீலர் கேஜ (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடுங்க) எடுத்து மேல் இடைவெளில விட்டுப் பாத்தா 0.4 எம்எம் தகடு தாராளமாப் போச்சு. இது சும்மா மூடி வச்ச நிலைமைல. மேல ஒரு கட்டைய வச்சு கொஞ்சம் இறுக்கினா தாடை இன்னும் வெளிய சாயுது, 0.7 வரைக்கும் போகுது. 0.7 எம்எம்ல என்னன்னு கேக்கலாம். ஆனா இழைப்புளி தள்றது கட்டையோட மேல் விளிம்புல, அந்த விளிம்புக்கிட்ட ஒண்ணுமே பிடிக்கல. தள்ளும்போது கட்டை ஒரு நூலிழை ஆடும், ஆடினா பிளேடு துள்ளும், துள்ளினா சீவின இடத்துல அலை அலையா வரும், அப்ப தானா கை ஹேண்டிலுக்குப் போகும், இன்னும் இறுக்கும், இன்னும் சாயும். பைப்பு இங்கதான் உள்ள வருது. கடைக்காரருக்கு போன் போட்டேன், "சார் வைஸ்னா அப்படித்தான் இருக்கும், டைட் பண்ணா சரியாயிடும்"னாரு. டைட் பண்ணப் பண்ணத்தான் மோசமாகுதுன்னு நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேரல. மாத்தித் தர மாட்டேன்னும் சொல்லல, "வேற பீஸும் அதே லாட்டுதான் சார்"னு மட்டும் சொன்னாரு. அவரு மேல எனக்குக் கோபம் இல்ல, வார்த்த இடத்துல கடைசியா முகத்த மட்டம் பண்ணும்போது ஒரு நிமிஷம் கூட ஒதுக்கியிருந்தா இது வந்திருக்காதுன்னு ஆதங்கம்தான்.

ஆசாரி அண்ணன் சொன்ன கால் நூல்

எங்க தெருவுல ஒரு ஆசாரி அண்ணன் இருக்காரு, அறுபது தாண்டியாச்சு, கதவு, ஜன்னல், பூஜை அறை வாசக்கால்னு தரையில உக்காந்தே வேலை செஞ்சு வளர்ந்தவரு. மாடில என்ன சத்தம்னு பாக்க வந்தாரு. வைஸத் தரையில வச்சு நான் அரமும் கையுமா இருந்தேன்.

"என்ன தம்பி, புதுச அரத்தால ராவிக்கிட்டு இருக்க?"

"தாடை மேல பிடிக்கலண்ணே. கீழ் பக்கம் இரும்ப ராவி எடுத்துட்டா நேராயிடுமான்னு பாக்குறேன்."

அவரு பேப்பர் துண்ட வாங்கி அவரே இழுத்துப் பாத்தாரு. ரெண்டு தடவ பாத்துட்டு, "இது மேல மரம் மாட்டப் போறேல்ல?"ன்னு கேட்டாரு. ஆமாண்ணேன். "அப்புறம் எதுக்கு இரும்பத் தொடுற? அந்தக் கட்டையக் கொடு."

தாடைக்குன்னு எடுத்து வச்சிருந்தது பழைய வீடு இடிச்ச சாமான் கடையில வாங்கின தேக்கு நிலைச்சட்டத்துல இருந்து அறுத்த 25 எம்எம் கட்டை. நல்லா காஞ்சு முறுகின மரம், இனிமே முறுக்கிக்கிட்டுப் போகாது. அண்ணன் அதோட பக்க விளிம்புல பென்சிலால ஒரு சாய்வுக் கோடு போட்டாரு. "மேல அப்படியே இருக்கட்டும், கீழ கால் நூல் சீவு, வேணும்னா ஒரு மயிரிழை சேத்து"ன்னாரு. ஒரு நூல்னா இஞ்சுல எட்டுல ஒரு பங்கு, கால் நூல்னா 0.8 எம்எம். நான் ஃபீலர் கேஜ், ஸ்கேல், பேனா, கணக்குன்னு இருந்து கண்டுபிடிச்ச 0.7ஐ அவரு ரெண்டு பேப்பர் துண்ட இழுத்த இழுப்புல சொல்லிட்டாரு. அப்படியே மாடிக் கைப்பிடிச் சுவத்துக்கு முட்டுக் கொடுத்து கட்டையத் தரையில போட்டு, குந்தி, இடது பாதத்த அது மேல வச்சு மர இழைப்புளியால சீவ ஆரம்பிச்சாரு. அந்தப் பாதத்தக் கிட்டப் போய்ப் பாத்தேன். குதிகால் கட்டையோட ஒரு விளிம்புல, கட்டைவிரல் மறு விளிம்புல, நடுப்பாதம் மேல. இழைப்புளி முன்னாடி போகும்போது விரல் இறுகுது, திரும்ப வரும்போது தளருது, கட்டையத் திருப்பிப் போட்டா பாதம் புதுசா ஒரு இடம் பிடிச்சுக்குது. பலமே போடல. கட்டை அசையவே இல்ல.

"இந்த இரும்புக்கு வளைஞ்சு கொடுக்கத் தெரியாது தம்பி. என் காலுக்குத் தெரியும், பலகை கோணலா இருந்தாலும் அதுவாப் போய் உக்காந்துக்கும். இதுக்கு நீதான் உக்கார வச்சுக் கொடுக்கணும்"னாரு சீவிக்கிட்டே.

நான் மாசக்கணக்கா சொல்லத் தெரியாம சுத்திக்கிட்டு இருந்த விஷயம் அந்தப் பாதத்துல அப்படியே இருந்துச்சு. நம்ம ஊரு தச்சர்கள் வைஸே இல்லாம கோயில் தேரும் மச்சு வீட்டு உத்திரமும் செஞ்சாங்கன்னு பெருமையாச் சொல்றோம், ஆனா எதால பிடிச்சாங்கன்னு யாரும் உக்காந்து பாக்குறது இல்ல. கால், முட்டுக்கட்டை, ஆப்பு, இந்த மூணும் லேசா, முழுசாப் பிடிக்கும். அதே நேரம் தரை வேலைய ஒரேடியா உயர்த்திப் பிடிச்சு "வைஸ் எல்லாம் வெள்ளக்காரன் சொகுசு"ன்னு சொல்றவங்களோடயும் எனக்கு ஒத்துப் போகாது. சீவி முடிச்சு எந்திரிக்க அண்ணனுக்கு என் தோள் தேவைப்பட்டுச்சு. மூட்டு ரெண்டும் போச்சுன்னு அவரே சொல்றாரு. நின்னு வேலை செய்யுற பெஞ்சும், காலுக்குப் பதிலா பிடிக்கிற ஒரு வைஸும் முப்பது வயசுல அவருக்குக் கிடைச்சிருந்தா இன்னிக்கு அவரு இன்னும் வாசக்கால் செஞ்சுக்கிட்டு இருப்பாரு. ஆனா அந்த வைஸ் அவரு பாதம் மாதிரி பிடிக்கணும், அதுதான் என் கட்சி.

சீவின கட்டைய முன் தாடைல தற்காலிகமா ரெண்டு ஸ்க்ரூ போட்டு மாட்டி, எதிர்ல நேர் கட்டைய மாட்டி, திரும்பப் பேப்பர் வச்சோம். சும்மா மூடினப்ப மேல் ரெண்டும் கிழிஞ்சுது, கீழ் ரெண்டும் உருவிக்கிட்டு வந்துச்சு. இன்னொரு கால் திருகு போட்டதும் நாலும் கிழிஞ்சுது. அண்ணன் சிரிக்கக் கூட இல்ல, "சரி, டீ சொல்லு"ன்னாரு.

பெஞ்சுல ஏத்துறது

மாட்டுறதுல நான் பிடிவாதமா இருந்த விஷயம் சிலது இருக்கு. முதலாவது இடம். வலது கைக்காரன் இழைப்புளிய வலதுல இருந்து இடதுக்குத் தள்றான், அதனால வைஸ் பெஞ்சோட இடது கோடில, காலுக்குப் பக்கத்துல இருக்கணும். அப்பத்தான் நீளப் பலகையோட மிச்சம் வலது பக்கம் பெஞ்சு நெடுக நிக்கும், தள்ற பலம் வைஸுக்குள்ளயும் பெஞ்சுக் கால் வழியா தரைக்கும் போகும். நடு பெஞ்சுல மாட்டினா மேல் பலகை ட்ரம் மாதிரி அதிரும்.

ரெண்டாவது, பின் தாடை. இத பெஞ்சு விளிம்புக்கு வெளிய துருத்திக்கிட்டு நிக்க விடுறாங்க, மாட்டுறது சுலபம்னு. அப்படி விட்டா 6 அடி கதவுச் சட்டத்தப் பிடிக்கும்போது வைஸ் பக்கம் மட்டும்தான் தாங்கும், மறு கோடிக்கும் பெஞ்சுக்கும் நடுவுல இடைவெளி, தள்ளத் தள்ள சட்டம் உள்ள வளையும். பெஞ்சு விளிம்புல உளியால பள்ளம் வெட்டி பின் தாடைய உள்ள இறக்கி, அதோட மரமுகமும் பெஞ்சு விளிம்பும் ஒரே மட்டமா வர்ற மாதிரி செஞ்சா பெஞ்சு மொத்தமும் ஒரு பெரிய தாடை ஆயிடுது, மறு கோடிய பெஞ்சுக் காலோட ஒரு சி கிளாம்ப் போட்டு நிறுத்திடலாம். இந்தப் பள்ளம் வெட்டுறது நச்சுப் பிடிச்ச வேலைதான், அரை நாள் போகும், ஆனா இதுல சோம்பல் பட்டா வைஸ் வாங்கினதுக்கே அர்த்தம் இல்ல.

உயரத்துல ஒரு விஷயம். இரும்புத் தாடையோட தலை பெஞ்சு மட்டத்துக்கு 12 எம்எம் கீழ நிக்கணும், மரக்கட்டை மட்டும் பெஞ்சு மட்டம் வரைக்கும் ஏறி வரணும். கை தவறி இழைப்புளி பிளேடோ ரம்பமோ இறங்கினா மரத்துல படும், இரும்புல படாது. என் பெஞ்சு மேல் பலகை 18 எம்எம் ரப்பர் மரம் நாலு அடுக்கு ஒட்டினது, 72 எம்எம் வருது, அதுக்கும் வைஸ் அடித்தட்டுக்கும் நடுவுல இடைவெளிய ஒரு வேங்கை மரத் துண்டு வச்சு நிரப்பினேன். ஸ்க்ரூ வேணாம்னு முடிவு பண்ணி மேல இருந்து 12 எம்எம் போல்ட்டு விட்டு அடியில வாஷர் நட்டு போட்டேன், போல்ட்டுத் தலைய பலகைக்குள்ள புதைச்சு மரத் தக்கை அடிச்சு மூடிட்டேன். 15 கிலோ இரும்பத் தலைகீழாத் தூக்கிப் பிடிச்சு மாட்டாதீங்க, கார் ஜாக்கிய அடியில வச்சு ஏத்தினா ஒத்த ஆளா செஞ்சுடலாம்.

மாட்டின பிறகு பக்கவாட்டு டெஸ்ட். கட்டைய தாடையோட ஒரு ஓரத்துல மட்டும் வச்சு இறுக்கினா மறு ஓரம் உள்ள சாயும். இத எந்த வைஸும் முழுசாத் தடுக்காது, நடுவுல ஸ்க்ரூ ஓடுற எல்லாத்துக்கும் இந்தக் குணம் உண்டு. செங்குத்தா நிக்க வச்சு அறுக்க வேண்டிய கட்டைய எப்பவும் ஓரத்துலதான் பிடிக்க முடியும், ஸ்க்ரூவும் ராடும் நடுவுல வழி மறிக்கும். அதுக்கு அதே கனத்துல ஒரு துண்ட மறு ஓரத்துல சொருகிட்டா தாடை நேரா நிக்கும். 6, 9, 12, 18, 25 எம்எம்ல துண்டுங்க அறுத்து ஒரு கயித்துல கோத்து வைஸ் பக்கத்துலயே தொங்க விட்டிருக்கேன். ப்ளைவுட் மிச்சத்துலயே எல்லா கனமும் கிடைச்சுடும்.

தோலும் மழையும்

கடைசியா முகத்துக்குத் தோல். பெரியமேட்டுல தோல் கடைங்க வரிசையா இருக்கு, கிலோ கணக்குல கழிவுத் துண்டு கிடைக்கும். 2 எம்எம் கனத்துல ஒரே சீரான துண்டா பொறுக்கி எடுக்கணும், கனம் மாறினா இவ்வளவு நேரம் சீவின கால் நூலுக்கு மதிப்பே இல்ல. வழவழப்பான பக்கத்த மரத்தோட ஒட்டி, சொரசொரப்பான பக்கத்த வெளிய விட்டேன். முன் தாடை ஒண்ணுக்கு மட்டும். பின் தாடைக்கும் ஒட்டினா பெஞ்சு விளிம்பு மட்டத்துல இருந்து 2 எம்எம் வெளிய வந்துடும். தோல் வந்ததும் பிடியே வேற. பாலிஷ் போட்ட பழைய டிராயர் முகப்ப வச்சு லேசா ஒரு திருகு, கைய எடுத்துட்டு மேல் விளிம்ப சீவினேன். சுருள் சுருளா ஒரே நீளத்துல வந்துச்சு, பிளேடு எங்கயும் துள்ளல. கழட்டிப் பாத்தா பாலிஷ்ல ஒரு அச்சு கூட விழல. அதே 10 எம்எம் பலகையும் போட்டுப் பாத்தேன், வைஸ்ல இருக்கும்போதும் கழட்டின பிறகும் ஸ்கேல் ஒரே மாதிரி உக்காந்துச்சு. பெரியப்பா வந்தப்ப அவரையே திருகச் சொன்னேன். பழக்கத்துல முழுக் கையோட இறுக்கினாரு, நான் அத கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு கட்டைய இழுத்துப் பாருங்கன்னேன். இழுத்தாரு, ரெண்டு கையாலயும் இழுத்தாரு. "தோல் போட்டதால நிக்குது"ன்னாரு. தோலும் ஒரு காரணம்தான், ஆனா தோலுக்கு முன்னாடி பேப்பர் நாலும் கிழிஞ்சத அவரு பாக்கல. அவரோட இன்னும் இதுல முழு உடன்பாடு வரல.

மாட்டுறவங்களுக்கு ஒண்ணு. தோல மரத்தோட ஒட்ட ஃபெவிகால் போதும், ஆனா மரத்த இரும்போட எதையும் வச்சு ஒட்டாதீங்க, கவுண்டர்சங்க் ஸ்க்ரூ மட்டும் போடுங்க, தலை மரத்துக்குள்ள 5 எம்எம்மாவது இறங்கி இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகைல நம்ம ஊரு ஈரத்துக்கு எவ்வளவு பழைய தேக்கும் ஒரு பொட்டு உப்பும், தை மாசம் திரும்ப இறங்கும். மழை முடிஞ்சதும் ஒரு தடவ பேப்பர் டெஸ்ட் எடுத்துட்டு, தேவைப்பட்டா கழட்டி ஒரு சீவல் எடுத்துட்டு மாட்டிடணும். இந்த மழைக்கு அப்புறம் என்னோடதுல இடது மேல் மூலை மட்டும் விட்டுப் போயிருந்துச்சு. ஸ்க்ரூவக் கழட்டி, கட்டைக்குப் பின்னாடி அந்த மூலைல மட்டும் ஏஃபோர் பேப்பர் துண்டு ரெண்ட மடிக்காம வச்சு திரும்ப இறுக்கினேன், ஒரு ஷீட்டு 0.1 எம்எம் கனம் வரும். நாலு மூலையும் பிடிச்சுக்குச்சு.